வளையல் டியூட்டி

நர்சிங் படிக்கிற பிள்ளைகள் கையில் வளையல் போடக்கூடாது என்பது காலங்காலமாக இருந்துவந்த சட்டம். கண்ணாடி, பிளாஸ்டிக், தங்கம் எதுவும் ஆகாது. இப்போது என்னடாவென்றால், வளையல் போடாமல் வார்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. காலம் எப்படிப் புரண்டு படுக்கிறது பாருங்கள்!

இந்த வளையல் வேறு. சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி ஒரு பட்டை. ஒன்று நோயாளியின் கையிலோ காலிலோ இருக்கும், அதன் ஜோடி மாணவியின் கையில் இருக்கும். நோயாளிக்கு எங்கே வலிக்கிறதோ மாணவிக்கும் அங்கேயே வலிக்கும். காயம் இருக்காது, வலி மட்டும் இருக்கும். செய்த கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. பிள்ளைகள் வளையல் என்றே சொன்னார்கள், அதை மாட்டிக்கொண்டு கட்டிலருகில் நிற்கிற வேலைக்கு வளையல் டியூட்டி என்று பெயர்.

அந்தக் கல்லூரியில் ரூபாவதி சீனியர் ட்யூட்டர். பாடத்தில் பரிவு என்று ஒரு அத்தியாயம் உண்டு. அதைப் படித்துப் பரிவு வந்தவர் எவரும் இல்லை என்பது பாடம் நடத்துகிற எல்லாருக்கும் தெரியும். ஆகவே வளையல் வந்தபோது அவளும் சந்தோஷப்பட்டாள்தான். அடுத்தவர் நோவைக் கொஞ்சம் பட்டுப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கை மென்மையாகும், பேச்சு பதமாகும் என்று நம்பினாள். முதல் வருஷம் அப்படித்தான் நடந்தது.

பிறகுதான் அந்த அதிசயத்தைக் கண்டுபிடித்தார்கள். மாணவி வளையல் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றால் நோயாளிக்கு வலி குறைகிறது! கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டார்கள். எல்லாரும் ஒரே குரலில், "ஆமா, இப்பத் தேவலை" என்றார்கள். கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தவர்களில் ரூபாவதியும் ஒருத்தி. வலி இரண்டாகப் பிரிகிறது, பாதியை மாணவி வாங்கிக்கொள்கிறாள் என்று கல்லூரி ஒரு கட்டுரை போட்டது. வளையல் செய்த கம்பெனிக்காரர்களுக்கே அது புதுச் செய்தி. ஆனாலும் வியாபாரம் நடக்கும்போது வேண்டாமென்று சொல்ல அவர்களுக்கென்ன பைத்தியமா?

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி சும்மா இருக்குமா? மார்ஃபின் போன்ற மருந்துகளுக்குப் பணம் வேண்டும், பூட்டு வேண்டும், அதிகாரிகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மாணவிகளுக்கு ஒன்றும் வேண்டாம். தீக்காய வார்டில் கட்டு மாற்றும்போது ஊசி போடுகிற வழக்கம் மெல்ல மெல்ல நின்றுபோயிற்று. மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கிற பிள்ளைகள், "எனக்கு இன்னிக்கு முதுகுடி, ஒனக்கு?" "எனக்கு ரெண்டு தொடையும்" என்று சாம்பாரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டார்கள். ரூபாவதி அதைக் கேட்டும் கேட்காததுபோலத் தட்டை நீட்டுவாள். வருஷாவருஷம் அந்தப் பிள்ளைகளின் முகம் வாடிக்கொண்டே போவதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குச் சலித்துவிட்டது. சலிப்பு என்றால் சாதாரணச் சலிப்பு இல்லை, காலையில் செருப்பை மாட்டும்போதே சாயங்காலம் ஆகிவிட்டதுபோல இருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் பிரின்சிபால் ஜெயசீலி அவளைக் கூப்பிட்டார்.

"உங்க ஃபைனல் இயர் பொண்ணு மகிழினி நேத்து என்ன காரியம் பண்ணியிருக்கா தெரியுமா? தீக்காய வார்டுல கட்டு அவிழ்த்துட்டு இருக்கும்போது வளையலைக் கழட்டி டிரேயில வச்சிருக்கா. பேஷண்ட் போட்ட கூச்சல் ஓ.பி. வரைக்கும் கேட்டுச்சாம்."

"மகிழினியா மேடம்? அவ அப்படிப்பட்ட பொண்ணு இல்லையே."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். இது பேஷண்டைக் கைவிட்டது, வேற பேர் கிடையாது. பரிவுப் பிராக்டிகல்ல ஃபெயில், காலேஜை விட்டும் அனுப்பறோம். நாளைக்கு வெளிக் காலேஜ்லேர்ந்து கமிட்டி வர்றாங்க, அவங்களும் வளையல் வாங்கப் போறாங்க. அவங்க முன்னாடி நாம எவ்வளவு கண்டிப்பா இருக்கோம்னு தெரியணும். உங்க ரிப்போர்ட்டை இன்னிக்கே குடுத்துருங்க."

கல்லூரியை விட்டு இப்படி அனுப்பினால் மகிழினியை வேறெந்தக் கல்லூரியும் சேர்க்காது, நர்சாகப் பதிவு செய்யவும் முடியாது. படிப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. போயும் போயும் இந்தப் பிள்ளையா என்று எண்ணிக்கொண்டே ரூபாவதி அவளைத் தேடிப் போனாள்.

மகிழினி செய்முறை அறையில், ஊசி போட்டுப் பழகுகிற ரப்பர் பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"ஏம்மா கழட்டின?" ரூபாவதி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வலி தாங்கலையா? தாங்கலைன்னா சொல்லியிருக்கலாமே, வேற ஆளை மாத்தியிருப்பேனே."

"தாங்கலைதான் மேடம். கை நடுங்குது, ஃபோர்செப்ஸால துணியப் பிடிக்கவே முடியல. நான் பிடிக்கிற பிடியில அவங்களுக்குத் தோலோட வருது. டாக்டர்கிட்டப் போயி, மார்ஃபின் எழுதுங்க சார்னு கெஞ்சினேன். நீ இருக்கும்போது மார்ஃபின் எதுக்கும்மான்னு சிரிக்கிறாரு."

"அதுக்காகக் கழட்டிரலாமா?"

"நானாக் கழட்டல. அவங்கதான் கழட்டச் சொன்னாங்க."

"யாரு, பேஷண்டா? தன் வலி கூடும்னு தெரிஞ்சுமா?"

மகிழினி பொம்மையின் கையை எடுத்து நேராக வைத்தாள். பிறகு, "நீங்களே அவங்ககிட்டக் கேளுங்க மேடம். ஆனா நாங்க யாரும் பக்கத்துல இல்லாதப்பக் கேளுங்க" என்றாள்.

ராமுத்தாய் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறையில் தீப்பிடித்து வந்தவள். கழுத்திலிருந்து இரண்டு கைகளும் வெந்திருந்தன. ரூபாவதியைவிடச் சில வயசு மூத்தவளாக இருக்கலாம். வார்டில் சாப்பாட்டு நேரம். வளையல் டியூட்டிப் பிள்ளைகள் மெஸ்ஸுக்குப் போயிருந்தார்கள். ரூபாவதி மோரை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே பேச்செடுத்தாள்.

"அக்கா, நேத்து அந்தப் பொண்ணை வளையலைக் கழட்டச் சொன்னீங்களாமே?"

ராமுத்தாய் உடனே பதறினாள். "ஆமா டீச்சரம்மா, நாந்தான் சொன்னேன். அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லிராதீக. நா ஒரு தடவையாச்சும் வாய்விட்டுக் கத்தணும்னு இருந்துச்சு. நீ அத மாட்டிக்கிட்டு நிக்கிறப்ப எப்பிடிக் கத்துவேன், சித்த நேரம் கழட்டி வையி தாயின்னு கும்பிட்டேன்."

"வளையல் போட்டிருந்தா வலி பாதியாக் குறையுமே அக்கா. கழட்டினா கூடத்தானே செய்யும்?"

ராமுத்தாய் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்க குறையுது? போட்டாலும் அதே வலிதான், கழட்டினாலும் அதே வலிதான்."

ஸ்பூன் ரூபாவதியின் கையில் அப்படியே நின்றது.

"கேக்கும்போதெல்லாம் குறைஞ்சிருக்குன்னுதானே சொல்வீங்க?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றீக? எம்மக வயசுல ஒரு புள்ள, எனக்காக உதட்டக் கடிச்சுக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து நிக்கிது. அது மூஞ்சிக்கு நேராவா, ஒண்ணும் குறையல, நீ படறது வீணுன்னு சொல்வாக? நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு, தேவலை தாயீன்னு சொல்லிருவேன். இங்கன கெடக்குற எல்லாரும் அப்பிடித்தாம்மா. அந்தாக் கெடக்காகளே மெய்யாண்டியண்ணே, அவுக ரெண்டு நாளாக் கட்டே மாத்த விடல. ஏன்னு கேளுங்க, அந்தச் சின்னப் புள்ளைக்கு வலிக்குமாம்."

"உங்க விரல் ஏன் மடங்கவே மாட்டேங்குது? பயிற்சி பண்ணலையா?"

"பண்ணா உசுரு போகுது. எனக்குப் போனாப் போகுது, அதுக்கும்ல சேந்து போகுது? அதான், முடியல தாயி, நாளைக்குப் பாப்பம்னு சொல்லிச் சொல்லி..." ராமுத்தாய் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தாள். அவை கொக்கி மாதிரி விறைத்துப்போயிருந்தன. "இனி எதையும் பிடிக்க வராதோ என்னமோ."

அட கடவுளே என்று ரூபாவதி வாய்விட்டே சொல்லிவிட்டாள். அன்றைக்குக் கட்டில் கட்டிலாகப் போய்க் கேள்வி கேட்டபோது, ஒவ்வொரு கட்டிலுக்குப் பக்கத்திலும் வளையல் போட்ட பிள்ளையை நிறுத்திவைத்துக்கொண்டுதானே கேட்டார்கள்? வலி பிரியவே இல்லை. ஒருத்தருக்கு இருந்த வலி இரண்டு பேருக்கு ஆனது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் இத்தனை காலம் பட்டதெல்லாம் யாருக்கும் உதவாமல் போயிற்று. போதாததற்கு இருந்த மருந்தும் போயிற்று.

இருந்தாலும் ஒரு வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு இதை முடிவுகட்ட அவளுக்கு மனசு வரவில்லை. பிற்பகல் கட்டு மாற்றுகிற நேரத்தில் மகிழினியின் வளையலை வாங்கித் தன் கையில் மாட்டி, வெள்ளைக் கோட்டின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இன்னிக்கு உங்க ஜோடியை யாரும் போடல அக்கா, தாராளமாச் சத்தம் போடுங்க" என்று பொய் சொன்னாள். வார்டு சிஸ்டர் முதல் துணியைப் பிரித்தார்.

பாடத்தில் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறாள், தீக்காயத்தின் வலி இப்படி இருக்கும் அப்படி இருக்கும் என்று. ஐயோ, அவள் சொன்னதெல்லாம் ஒரு பேச்சா! முழங்கையிலிருந்து தோளுக்கு ஏறிய வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ராமுத்தாய் கொஞ்சமும் அடக்காமல் அலறினாள். பக்கத்தில் வலியை வாங்கிக்கொள்கிற ஆள் இருந்தும் ராமுத்தாய்க்கு எள்ளளவும் குறையவில்லை. இருப்பதை அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டியூட்டி டாக்டர் கோதண்டம் அந்த அலறலைக் கேட்டு எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், வளையல் வேலை செய்யலையா? கம்பெனிக்கு ஃபோன் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார்.

பிரின்சிபால் அறையில் ரூபாவதி எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது ஜெயசீலி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை அவர். ஒரு காலத்தில் அவரும் வார்டில் மலச்சட்டி தூக்கியவர்தான்.

"ரூபாவதி, ஒரு பேஷண்ட் சொல்றதை வச்சு இவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா?"

"நானே போட்டுப் பாத்தேன் மேடம்."

"உங்களுக்கு வலிச்சதுன்னா வளையல் நல்லா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

"எனக்கு வலிச்சுது. அவங்களுக்குக் குறையல. நமக்காகக் குறைஞ்சதாச் சொல்லியிருக்காங்க. பேஷண்டுதான் நம்ம பிள்ளைங்களுக்குப் பரிவு காட்டியிருக்காங்க மேடம், நாம அதைப் பிள்ளைங்க கணக்குல மார்க்குப் போட்டு வச்சிருக்கோம்."

"இதை நாளைக்குக் கமிட்டி முன்னாடி சொல்லப் போறீங்களா?"

"மகிழினியை அனுப்பறதா இருந்தாச் சொல்லித்தான் ஆகணும்."

ஜெயசீலி பெருமூச்சு விட்டார். "சரி. பேஷண்ட் வாயாலயே கேட்டுருவோம். கட்டு மாத்தும்போதே கேப்போம். அவங்க குறையலைன்னு சொல்லட்டும், உங்க பொண்ணை நான் விட்டுடறேன். குறையுதுன்னு சொன்னா நீங்க ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடணும். சம்மதமா?"

ரூபாவதி சம்மதித்தாள். சம்மதித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான், மகிழினியை எங்கே நிற்கவைப்பார்கள் என்று கேட்கவில்லையே என்று தோன்றியது. அந்தப் பாழாய்ப்போன அசதியில் அவளுக்கு அது விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை கமிட்டி வந்தது. வெளிக் கல்லூரிகளின் ஆட்கள், நல்ல இஸ்திரி போட்ட உடைகள். வார்டின் அமைதியைப் பார்த்து மெச்சிக்கொண்டே வந்தார்கள். ஜெயசீலி நேரே ராமுத்தாயின் கட்டிலுக்கு அழைத்து வந்தார். மகிழினி வளையலோடு கட்டிலுக்குத் தலைமாட்டில், ராமுத்தாய் கண்ணைத் திறந்தால் முகம் தெரிகிற தூரத்தில் நிறுத்தப்பட்டிருந்தாள்.

"மேடம், மகிழினி வெளியில நிக்கட்டும்" என்றாள் ரூபாவதி.

"வளையல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கத்தானே வந்திருக்காங்க? ஆள் இல்லாம எப்படிப் பாக்கறது?"

வார்டு சிஸ்டர் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார். மகிழினியின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நேரே சுவரைப் பார்த்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் ராமுத்தாயின் பக்கம் குனிந்து, "அம்மா, பயப்படாம சொல்லுங்க. இந்தப் பொண்ணு பக்கத்துல இருக்கறதால வலி குறைஞ்சிருக்கா, இல்லையா?" என்று கேட்டார்.

முந்தின நாளே ரூபாவதி அவளிடம் கெஞ்சிவிட்டுத்தான் வந்திருந்தாள். உண்மையைச் சொல்லுங்கள் அக்கா, நீங்கள் சொல்வதில்தான் அந்தப் பிள்ளையின் படிப்பே இருக்கிறது என்று. ராமுத்தாயும் சரியென்று தலையாட்டியிருந்தாள். இப்போது அவள் மகிழினியின் முகத்தைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று. சொல்லவேண்டியது தொண்டை வரைக்கும் வந்ததை ரூபாவதி கண்ணால் பார்த்தாள்.

"குறைஞ்சிருக்கு சார்" என்றாள் ராமுத்தாய். "எந்தாயி புண்ணியத்துல ரெம்பத் தேவலை."

"பொய் சொல்றாங்க!" மகிழினி உடைந்து அழுதாள். "எனக்குத் தெரியும் சார், எனக்குத்தானே தெரியும்! கொஞ்சமும் குறையல!"

கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெயசீலி ரூபாவதியைப் பார்த்தார், கையெழுத்துப் போட வருகிறீர்களா என்கிற பார்வை. யாருக்குக் கோபம் வராது? ரூபாவதிக்குக் கோபம்கூட வரவில்லை. எல்லாரும் எல்லாருக்காகவும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற இந்த வார்டில் இனி ஒரு நிமிஷமும் நிற்க முடியாது என்று மட்டும் இருந்தது. அவள் மகிழினியின் கையைப் பிடித்து வளையலை உருவினாள். ராமுத்தாயின் கண்ணுக்கு நேராக நீட்டிக் காட்டினாள்.

"அக்கா, இங்க பாருங்க. கழட்டியாச்சு. இப்ப யாருக்கும் வலிக்கல, உங்களுக்கு மட்டுந்தான் வலிக்குது. என்னை மன்னிச்சுக்கோங்க. எப்படி இருக்குன்னு இவங்களுக்குச் சொல்லுங்க."

ராமுத்தாய் வளையலைப் பார்த்தாள், மகிழினியின் வெறும் கையைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

இஸ்திரி உடைக்காரர்கள் பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். எதிர்க் கட்டிலிலிருந்து மெய்யாண்டி, தன் கட்டிலருகில் நின்ற பிள்ளையைப் பார்த்து, "நீயும் கழட்டிரு பாப்பா, கழட்டிட்டு அந்தாண்ட போயிரு" என்றார். அவள் தயங்கித் தயங்கிக் கழற்றினாள். அவர் அலறினார். அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில் என்று வார்டு முழுக்க அலறல் பரவியது. தண்ணீர் பிடிக்க வந்த சொந்தக்காரர்கள் குடத்தோடு வாசலில் நின்றுவிட்டார்கள்.

"ஊசி போடுங்களேன்! எதையாவது போடுங்களேன்!" என்று கத்தினார், கேள்வி கேட்ட அந்தக் கமிட்டிக்காரரே.

"சிஸ்டர், கட்டை அப்படியே வைங்க. மருந்து வந்தப்புறம் அவிழ்க்கலாம்" என்றாள் ரூபாவதி. கோதண்டம் ஓடிவந்து மார்ஃபின் எழுதினார். ராமுத்தாய்க்கு ஊசியை ஏற்றியவள் மகிழினி. அவள் கை நடுங்கவில்லை.

அப்புறம் நடந்ததைச் சொல்ல ரொம்ப நேரம் வேண்டாம். கமிட்டி டீ குடிக்காமலே கிளம்பியது. ஜெயசீலி தாழ்வாரத்தில் ரூபாவதியை ஓரமாக அழைத்தார். யாராவது ஒருத்தர் இதற்குப் பொறுப்பேற்றாக வேண்டும், நிர்வாகம் விடாது என்றார். முந்தாநாளும் ட்யூட்டர் சொல்லித்தான் மாணவி வளையலைக் கழற்றினாள் என்று ரூபாவதி எழுதிக்கொடுத்தால் மகிழினி பரீட்சை எழுதலாம், ரூபாவதிக்கு நாளையிலிருந்து வேலை இருக்காது.

"தீக்காய வார்டுக்கு மருந்து?"

"அது குடுத்துத்தான் ஆகணும், ஊரே கேட்டுருச்சே. மத்த வார்டு பத்தி இப்பப் பேசாதீங்க." ஜெயசீலி குரலைத் தாழ்த்தினார். "அங்க பேஷண்ட்கிட்டக் கேள்வி கேக்கறதையே நிறுத்தச் சொல்லிட்டாங்க."

ரூபாவதி எழுதிக்கொடுத்தாள். பொய்தான், போகட்டும். பேனாவை மூடும்போது அவளுக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், கொட்டாவிதான் வந்தது.

சொல்லிக்கொண்டு போகலாம் என்று வார்டுக்கு வந்தாள். மருந்து ஏறி ராமுத்தாயின் முகம் இளகியிருந்தது. மகிழினி அவளுடைய விறைத்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். மருந்து வேலை செய்யும்போதே செய்தால்தான் உண்டு. மகிழினியின் கையில் பட்டை இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

ராமுத்தாய் பாதித் தூக்கத்தில் கண்ணைத் திறந்தாள். "தாயி, ஒனக்கு வலிக்கலயே?"

மகிழினியின் கண் சிவந்திருந்தது. ரூபாவதியின் வேலை போன செய்தி அவளுக்கு அதற்குள் எட்டியிருந்தது. அவள் வாசலில் நின்ற ரூபாவதியை ஒருமுறை பார்த்தாள். பிறகு ராமுத்தாயின் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"இல்லம்மா," என்றாள். "எனக்கு ஒண்ணுமே வலிக்கல. நீங்க தூங்குங்க."